நல்லுணவுப் பாடமும் நம் பிள்ளைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பள்ளியில் சேரும் குழந்தைக்கு எழுத்தறிவோடு சேர்த்துப் புகட்டப்படும் பாடங்களுள் நலவாழ்வுப் பாடமும் ஒன்றாகும். தூய நீரைப் பருக வேண்டும். உண்ணுமுன் கைகளைக் கழுவ வேண்டும். வெளியே செல்லும்போது காலணி அணிய வேண்டும். பாலும் கீரையும் பழமும் உண்ண வேண்டும். எல்லோரோடும் அமர்ந்து பகிர்ந்துண்ண வேண்டும். தொடக்கப்பள்ளிப் பாடநூல் எதனைப் புரட்டினாலும் இவ்வைந்து அறிவுரைகளும் ஏதேனும் ஒரு வடிவில் காணப்படும். இவை எளியவை; எவராலும் மறுக்க முடியாதவை.

ஆயினும், நம் சமுதாயத்தின் வரலாற்றை அறிந்தோர் இவ்வைந்தனையும் படிக்கும்போது ஒரு கணம் நின்றுதான் மேலே செல்ல இயலும். தூய நீரைப் பருகு என்ற ஊர்தான் பொதுக்கிணற்றை நமக்கு விலக்கியது. காலணி அணி என்று நூல் சொன்னது. செருப்போடு தெருவில் நடந்தவனை அடித்தது ஊர். பால் அருந்து என்றது பாடம். பால் கறந்து கொடுத்த பண்ணையாளின் பிள்ளைக்குக் கிடைத்ததோ கூழ். பகிர்ந்துண் என்று போதித்த பள்ளியிலேயே நம் பிள்ளைகளுக்கு வேறு இடமும் வேறு குவளையும் வைக்கப்பட்டன. இத்தனையும் செய்த பின்னர், "இவர்கள் தூய்மையற்றவர்கள்" என்ற பழியையும் நம்மீதே சுமத்தினர்.

ஆகவே, நம் பிள்ளைகளுக்கு நல்லுணவுப் பாடம் வந்த வரலாறு, ஒவ்வோர் அறிவுரைக்கும் குறுக்கே நின்ற தடை எவ்வாறு தகர்க்கப்பட்டது என்பதன் வரலாறேயாகும். நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், இளைய தலைமுறை இதனை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது என்று கருதுகிறோம். நேற்றைய தடைகளை அறியாதவர், இன்று கிடைத்திருப்பதன் அருமையையும் நாளை காக்க வேண்டியதன் அவசியத்தையும் உணர மாட்டார்.

சேரிக்குப் பள்ளி வந்த காலம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் மக்கள் வாழ்ந்த நிலைக்கு அரசாங்க ஆவணமே சான்று பகர்கின்றது. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமென்கீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மை, கடனடிமை, கல்வியின்மை ஆகியவற்றை அது எடுத்துரைத்தது. அதன் பயனாக 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் வழக்காடி வருவது அதுவே. உணவின் வரலாற்றை நிலத்திலிருந்தே தொடங்க வேண்டும். சொந்தமாக ஒரு காணி இல்லாதவன் என்ன உண்பது என்பதைத் தானே முடிவுசெய்ய இயலாது. கூலி கொடுப்பவனே அதனை முடிவுசெய்கிறான்.

1894இல் பிரம்மஞான சபையின் தலைவரான கர்னல் ஆல்காட், அடையாற்றை அடுத்த ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தோற்றுவித்தார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. கிறித்தவச் சமயப் பணியாளர்கள் அதற்கு முன்னரே பல சேரிகளில் பள்ளிகள் நடத்தி வந்தனர். நம்மவர்களும் வாளாவிருக்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் "பறையன்" இதழைத் தொடங்கினார். 1907இல் "ஒரு பைசாத் தமிழன்" இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவத்தில் வல்லவர். 1916இல் சுவாமி சகசானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார்.

நம் அறிவியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர் மருத்துவராக இருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மூலிகையும் கீரையும் பத்தியமும் நம் மக்களுக்குப் புறத்தேயிருந்து வந்த அறிவல்ல. மருத்துவச்சிகளாகவும் வைத்தியர்களாகவும் ஊருக்கு உழைத்தோர் நம்மில் பலர். "இவர்களுக்கு உடல்நலம் பற்றி ஒன்றும் தெரியாது, நாம்தான் கற்பிக்க வேண்டும்" என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட பாடங்கள் பல. அவ்வெண்ணம் வரலாற்றுக்கு மாறானது. நம்மிடம் அறிவு இருந்தது. அதனைப் பயன்படுத்தும் உரிமையே பறிக்கப்பட்டிருந்தது.

முதற் பாடம்: தண்ணீர்

அண்ணல் அம்பேத்கர் தம் இளமைப் பருவத்தைப் பற்றி எழுதியுள்ள குறிப்புகளைப் படித்தோர் அறிவர். சாத்தாராவில் பள்ளி மாணவராக இருந்தபோது அவர் ஒரு கோணியின்மீது தனியே அமர வேண்டியிருந்தது. தாகமெடுத்தால் குழாயைத் தாமே திறக்கக் கூடாது. பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட வேண்டும். பணியாள் வராத நாளில் தண்ணீரும் இல்லை. தூய நீரைப் பருக வேண்டும் என்ற பாடத்தை அச்சிறுவர் எத்தனை முறை ஒப்புவித்திருந்தாலும் என்ன பயன்? நா வறண்டு அமர்ந்திருந்த அம்மாணவரே பின்னாளில், 1927 மார்ச் 20ஆம் நாள், மகத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கி நீரள்ளிப் பருகினார்.

தமிழகத்திலும் அதே காலத்தில் இப்போராட்டம் நடந்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச்சாலை, பொது அலுவலகம், பொதுக்கிணறு, குளம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்துவதைத் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். 1920 முதல் செயற்பட்ட தொழிலாளர் துறை நம் குடியிருப்புகளில் கிணறுகள் வெட்டிற்று. "லேபர் பள்ளிகள்" என்று நம் பாட்டனார் அழைத்த பள்ளிகளையும் நடத்திற்று. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் உள்ளது. ஆயின் ஒன்றைக் கூறாமல் இருக்க இயலாது. தனிக்கிணறு நம் தாகத்தைத் தீர்த்தது, தீண்டாமையைத் தீர்க்கவில்லை. அதற்கு 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம், 17ஆம் பிரிவுகளும், 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வேண்டியிருந்தன. அதன் பின்னரும் ஊர்தோறும் நம்மவர் முயன்றே ஒவ்வொரு கிணற்றையும் குழாயையும் பெற்றனர்.

தண்ணீரின் கதை முடிந்துவிட்டது என்று எவரும் எண்ண வேண்டா. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டி நீரில் மலம் கலந்திருந்தது. பிள்ளைகள் நோயுற்ற பின்னரே அது வெளிப்பட்டது. தொட்டி மூடப்பட்டுள்ளதா, எப்போது கழுவப்பட்டது, குளோரின் இடப்பட்டதா என்று கேட்கும் பழக்கமும் நலவாழ்வுப் பாடத்தின் ஒரு பகுதியே என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்தியது.

செருப்பும் கொக்கிப்புழுவும்

கொக்கிப்புழு என்பது மனிதக் குடலில் ஒட்டிக்கொண்டு குருதியை உறிஞ்சும் சிறு புழு. மலத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள் ஈரமண்ணில் பொரிக்கின்றன. அவற்றினின்று வரும் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. குருதி வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, இறுதியில் குடலைச் சேர்கின்றன. இதனால் குருதிச் சோகை உண்டாகிறது. பிள்ளை வெளிறிப்போகிறான், சோர்ந்து அமர்கிறான், பாடத்தில் மனம் செல்வதில்லை.

1920களில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாண அரசோடு இணைந்து கொக்கிப்புழு ஒழிப்புப் பணியை மேற்கொண்டது. கழிப்பிடம் கட்டுக, காலணி அணிக, மருந்து உட்கொள்க என்பன அப்பணியின் அறிவுரைகள். மருத்துவ நூலின்படி இவை முற்றிலும் சரியானவையே. ஆனால் சேற்று வயலில் நாள் முழுதும் நின்றவர்கள் யாவர்? கழிப்பிடம் கட்டச் சொந்த மனை இல்லாதவர்கள் யாவர்? செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடந்தால் தண்டிக்கப்பட்டவர்கள் யாவர்? சாதி வழக்கம் நம் கால்களை வெறுங்கால்களாக வைத்திருந்தது, அவ்வெறுங்கால்கள் வழியே புழு நுழைந்தது, புழு குருதியை உறிஞ்சியது, சோர்ந்த பிள்ளையைப் பார்த்து "இவனுக்குப் படிப்பு ஏறாது, பிறவி மந்தம்" என்று ஆசிரியர் முடிவு கட்டினார். பிறவியின் மீது போடப்பட்ட பழி உண்மையில் ஒரு புழுவின் வேலை. அப்புழுவுக்கு வழி திறந்துவிட்டது தீண்டாமை.

பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே விலையின்றிக் காலணி வழங்கத் தொடங்கியபோது, அதனை வெறும் இலவசப் பொருளாகச் சிலர் ஏளனம் செய்தனர். அதன் பின்னால் எத்தனை தலைமுறைகளின் வெறுங்கால்கள் இருந்தன என்பதை அவர்கள் அறியார். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்பட்டு, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மாத்திரை வழங்கப்படுகிறது. அன்று நம் பிள்ளைகள் விடுப்பு எடுக்காமல் பள்ளிக்குச் செல்கின்றனரா என்று பார்ப்பது பெற்றோர் கடமை.

குன்னூர் ஆய்வும் கூழ்ப்பானையும்

உணவைப் பற்றிய அறிவியல் இந்நாட்டில் வளர்ந்த இடங்களுள் தலையாயது நம் நீலகிரியிலுள்ள குன்னூர். அங்கு ஆய்வு நடத்திய இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்து, வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமை, பால், பருப்பு, கீரை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. 1928இல் அவர், பள்ளிகளிலும் நலவாழ்வு நிலையங்களிலும் பயன்படுத்துவதற்கென்றே உணவைப் பற்றி ஒரு பாடநூல் எழுதி வெளியிட்டார். இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊட்ட அறிவியலை எளிமையாகக் கற்பிக்க எழுந்த முன்னோடி நூல்களுள் அது ஒன்று.

அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, விடுதிப் பிள்ளைகளுக்கு வழக்கமான உணவோடு வெண்ணெய் நீக்கிய பாலை நாள்தோறும் கொடுத்துப் பார்த்தார். சில மாதங்களிலேயே அவர்களுடைய உயரமும் எடையும் மற்றப் பிள்ளைகளைக் காட்டிலும் கூடின. பரம்பரையால் குட்டையானவர்கள் என்று எண்ணப்பட்டோர், உணவு கிடைத்ததும் வளர்ந்தனர். குறை குருதியில் இல்லை, தட்டில் இருந்தது. நம்மைப் பொறுத்தவரை இதனினும் முதன்மையான கண்டுபிடிப்பு வேறில்லை. இந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

இதே ஆய்வுகள் மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தின. தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிதாகவே இருந்தது. நெல்லை அவிக்கும்போது உமியடியிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். கேழ்வரகை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. முருங்கைக்கீரையிலும் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பசும்பாலில் உள்ளது ஏறக்குறைய 120. "கூழ் குடிப்பவன்" என்று நம்மை இழித்துரைத்தவர்கள், அந்தக் கூழ்ப்பானைக்குள் இருந்ததை அறிந்திலர். நம் வீடுகளில் வடிகஞ்சி வீணானதில்லை. வேலியோரக் கீரை வீணானதில்லை. வயல் நண்டும் நத்தையும் குளத்து மீனும் நெத்திலிக் கருவாடும் புரதத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் அளித்தன.

இங்கு மனந்திறந்து கூற வேண்டிய ஒன்றுண்டு. நம் மக்கள் செத்த மாட்டை உண்டனர் என்று வசைபாடுவோர் உளர். வேறு உணவு அளிக்காமல், செத்ததை எடுத்துச் செல்லும் ஊழியத்தையும் சுமத்தியவர்கள் அவ்வாறு பேசுவது எத்துணை நியாயம்! 1927இல் மகத்தில் அண்ணல் அம்பேத்கர், செத்ததை உண்பதை அறவே கைவிடுமாறு நம் மக்களை அறைகூவி அழைத்தார். நோயின் காரணமாகவும் தன்மானத்தின் காரணமாகவும் அது சரியான அறிவுரையே. ஆனால் அதனைச் சாக்காக வைத்து, நல்ல முறையில் அறுத்துச் சமைத்த இறைச்சியையும் மீனையும் முட்டையையும் இழிந்த உணவு என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று. இறைச்சியிலுள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்கும் என்பது ஊட்ட நூலார் அனைவரும் ஒப்பிய உண்மை. சத்து எது, சத்தற்றது எது, தூயது எது, கெட்டுப்போனது எது என்பவையே உணவுப் பாடத்தின் கேள்விகள். யாருடைய உணவு உயர்ந்தது, யாருடையது தாழ்ந்தது என்பது அப்பாடத்தில் இடம்பெறத் தகாத கேள்வி.

எவ்வளவு அறிவிருந்தாலும் கூலி போதாவிடில் பானை நிறையாது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையானதன் பின்னணியில், உழைப்புக்குக் கூடுதலாகக் கேட்ட நெல் இருந்தது. உணவைப் பற்றிப் பேசும் எந்த வரலாறும் அந்நாளைக் கடந்து செல்லலாகாது.

ஆயிரம் விளக்கு முதல் காலை உணவு வரை

பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை முதன்முதலில் ஆட்சிமன்றத் தீர்மானமாக மாற்றிய பெருமை சென்னை மாநகராட்சிக்கு உண்டு. சர் பிட்டி தியாகராயர் அதன் தலைவராக இருந்த காலம் அது. 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்க மாமன்றம் ஒப்புதல் அளித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் அவ்வைந்து பள்ளிகளில் 811 ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25இல் 1,671 ஆக உயர்ந்தது. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்ய அரசு இசையாமையால் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. இரண்டாண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் தொடங்கியது. ஓரணாச் சிற்றுண்டி பள்ளியை இருமடங்காக்கியது என்பதை நோக்குங்கால், நம் பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் ஆர்வமின்மை என்று கூறியோர் வாயடைத்துப் போவர்.

1956இல் பெருந்தலைவர் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் மாநிலத் திட்டமாயிற்று. கல்வித்துறையை வழிநடத்திய நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் சென்று பொதுமக்களின் பங்களிப்பைத் திரட்டினார். 1960களில் கேர் நிறுவனத்தின் உதவியாக வந்த பால்பொடியும் மக்காச்சோள ரவை உப்புமாவும் இன்றைய தாத்தா பாட்டிகளின் நாவில் இன்னும் நிற்கின்றன. 1982 ஜூலை 1ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் ஊரகக் குழந்தைகளுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறத்துக்கும், 1984இல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கும் அது விரிவுபெற்றது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரங்களுக்கு ஒருமுறை முட்டை சேர்க்கப்பட்டது. அது படிப்படியாகப் பெருகி, 2010இல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்ற நிலையை எட்டியது. 1995இல் நடுவண் அரசு நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கிற்று. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சமைத்த மதிய உணவைப் பள்ளிப் பிள்ளைகளின் உரிமையாக்கி ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1,545 பள்ளிகளில் தொடங்கிய அது, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

ஒரு நூற்றாண்டுக் காலத்தில், கட்சிகள் மாறினும் ஆட்சிகள் மாறினும், இத்தட்டு மட்டும் விரிந்துகொண்டே வந்துள்ளது. இதனை யாருடைய கருணையாகவும் நாம் கருத வேண்டியதில்லை. உழைப்போர் பிள்ளைகள் உண்டு படிப்பது அவர்கள் உரிமை.

ஒரே பந்தி

சத்துணவின் பயனை எடையாலும் உயரத்தாலும் மட்டும் அளந்துவிட முடியாது. நான்கு தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து, ஒரே அண்டாவில் வெந்த சோற்றை உண்பது, இந்நாட்டின் சமுதாய வரலாற்றில் எளிய செய்தியன்று. பெற்றோர் கைநனைக்காத வீட்டுப் பிள்ளையோடு, பிள்ளை தோளுரசி உண்கிறது. நலவாழ்வுப் பாடத்தின் ஐந்தாம் அறிவுரை நூலினின்று இறங்கித் தரைக்கு வந்த இடம் அதுவே.

அதனாற்றான் எதிர்ப்பும் அங்கேயே எழுந்தது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மதிய உணவுச் சமையலர், உதவியாளர் பணிகளில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. நம்மவர் சமைத்ததைப் பிள்ளைகள் உண்ணலாகாது என்று தடுத்த நிகழ்ச்சிகள் நாட்டின் பல பகுதிகளிலும் நடந்தன. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமையலராக வந்த நம் சமுதாயப் பெண்மணியைச் சமைக்க விடாமல் சிலர் எதிர்த்தனர். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினர். கண்டனம் வலுக்கவே, மாற்றம் நீக்கப்பட்டு, அவர் அதே பள்ளிக்குத் திரும்பினார். எதிர்த்தோர்மீது வழக்கும் பதிவாயிற்று. அன்று அவ்வம்மையார் கையில் ஏந்திய கரண்டி, பத்துப் பாடநூல்கள் செய்யாத பணியைச் செய்தது என்று கூறினால் மிகையாகாது.

இன்று நாம் கற்பிக்க வேண்டியவை

இனி, நம் காலத்துக் கடமைக்கு வருவோம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்குக் குருதிச் சோகை இருந்தது. பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இருந்தது. தட்டு வந்துவிட்டது, குறை இன்னும் தீரவில்லை.

முன்பு கிடைக்காமையால் வந்த கேடு இருந்தது. இப்போது கிடைப்பதால் வரும் கேடும் சேர்ந்துகொண்டது. கூலி வாங்கிய கையோடு தகப்பன் பிள்ளைக்கு வாங்கித் தருவது பளபளக்கும் உறையிலிட்ட நொறுக்குத் தீனியும் புட்டியில் அடைத்த குளிர்பானமும் ஆகிவிட்டன. தமக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்குத் தரும் பாசமே அது. அப்பாசத்தைப் பழிக்க எமக்கு மனமில்லை. ஆனால் 250 மில்லிலிட்டர் குளிர்பானத்தில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து தேக்கரண்டி, கரைந்துள்ளது என்பதை அத்தந்தைக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு படித்த இளைஞருக்கு உண்டு. அதே காசுக்கு இரண்டு முட்டையோ, கொய்யாப் பழங்களோ, ஒரு பிடி நிலக்கடலையோ வாங்கலாம். பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கலாகாது என்று 2020ஆம் ஆண்டின் நடுவண் விதிகள் கூறுகின்றன. நம் ஊர்ப் பள்ளி வாயிலில் நிலை என்ன என்று பார்த்து வருவது கடினமன்று.

நம் மாலை நேர வகுப்புகளிலும் கோடை வகுப்புகளிலும் பின்வருவனவற்றைக் கற்பிக்கலாம். முதலாவது, கூழும் கீரையும் கருவாடும் இழிவல்ல, சத்து என்பதைப் பிள்ளைகள் பெருமையோடு அறிய வேண்டும். இரண்டாவது, கீரையோடும் பயறோடும் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும் என்பதையும், உண்டவுடன் தேநீர் பருகினால் அது குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது, வீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் பரிமாற வேண்டும். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாயும் தமக்கையும் சோகையுற்றிருக்கும்வரை, நாம் ஊரிடம் கேட்ட சமத்துவத்தை வீட்டிற்குள் தர மறுத்தவர்களாவோம். நான்காவது, விளையாட்டு. ஓடியாடாத உடலில் நல்லுணவும் முழுப்பயன் தராது. பொது விளையாட்டிடத்தில் நம் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு; நம் பெண்பிள்ளைகளுக்கும் உண்டு. ஐந்தாவது, மதுவும் புகையிலையும். மாலையில் மதுக்கடைக்குச் செல்லும் கூலி, மறுநாள் காலை பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்கப்பட்டதேயாகும். இதனை மேடையில் முழங்குவதைக் காட்டிலும், வீட்டுக் கணக்கை எழுதும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் அவர்களே கண்டுகொள்வர்.

இவற்றோடு மற்றொன்றும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்க்கு இடமுண்டு. அரிசி எப்படிப்பட்டது, முட்டை கெடாமல் வருகிறதா, குடிநீர்த் தொட்டி தூய்மையானதா, நம் பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நிறுத்தப்படுகின்றனரா என்று அங்கே கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு தாய் எழுந்து நின்றால், அவர் பின்னால் இரண்டு இளைஞர் நிற்க வேண்டும்.

முடிவுரை

நல்லுணவுப் பாடம் நம் பிள்ளைகளுக்கு நூலின் வழியே வரவில்லை. குளத்தில் இறங்கியவரின் காலடி வழியாகவும், சட்டமன்றத் தீர்மானத்தின் வழியாகவும், ஓரணாச் சிற்றுண்டியின் வழியாகவும், சமையலறையை விட்டு விலக மறுத்த பெண்ணின் உறுதி வழியாகவும் வந்தது. உரிமை இல்லாத இடத்தில் அறிவுரை ஏளனமாகிவிடும். அறிவு இல்லாத இடத்தில் உரிமை வீணாகிவிடும். முன்னோர் உரிமையை ஈட்டித் தந்தனர். அதனோடு அறிவைச் சேர்க்கும் பணி நம்முடையது.

இளைஞர்களே! கல்வி என்றால் தேர்வும் வேலையும் மட்டுமல்ல. நம் குடியிருப்பில் பிறக்கும் அடுத்த குழந்தை சோகையின்றி, புழுவின்றி, பசியின்றி, நிமிர்ந்த உடலோடும் நிமிர்ந்த தலையோடும் பள்ளி வாயிலில் நுழைய வேண்டும். அக்குழந்தைக்குக் கைப்பிடித்து வழிகாட்டும் கரங்கள் உங்களுடையனவாக இருக்கட்டும்.